சேர்ப்புக்குப் பிறகு தமிழ் எழுத்துகள் மறைகின்றன, ௌ மட்டும் மிஞ்சுகிறது: எங்கே தேடுவது?

கரிசல்மண் எழுதியது:

வணக்கம். ஒரு சிறிய பதிப்பகத்தின் மின்னூல் கட்டும் கருவியை நான் பராமரிக்கிறேன். அதற்குள் சி++ல் எழுதிய எழுத்துரு லைப்ரரி ஒன்று இருக்கிறது. முன்பு இங்கே வேலை பார்த்தவர்கள் எழுதியது, இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

ஒரு புத்தகத்தில் வரும் எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, எழுத்துருவைச் சிறிதாக்கி ஈபப் என்ற மின்னூல் கோப்புக்குள் வைப்பது அதன் வேலை. நடப்பது இதுதான். முதலில் புத்தகத்தின் உரையை முதல் எழுத்திலிருந்து படித்து, ஒவ்வொரு எழுத்தின் யூனிகோட் எண்ணையும் ஒரு செட்டில், அதாவது கணத்தில், போடுகிறது. அப்புறம் அந்தச் செட்டை, எழுத்துருவில் உள்ள எண்களின் செட்டோடு வெட்டுகிறது, இரண்டிலும் இருப்பவை மட்டும் மிஞ்சும். பிறகு நிலையான ஒரு சின்னச் செட்டை அதோடு சேர்க்கிறது. அதில் எழுத்துகளைப் பிரிக்கவும் இணைக்கவும் பயன்படும், கண்ணுக்குத் தெரியாத 8204, 8205 என்ற இணைப்பான்கள் இரண்டும், 9676 என்ற புள்ளிவட்டமும் இருக்கும். தனியாக நிற்கும் உயிர்க்குறிக்குப் பக்கத்தில் வருகிற வட்டம்தான் அது. கடைசியில் இந்த எண்களுக்குரிய வடிவங்களைத் தேடி எடுத்து, எழுத்துருவில் இல்லாத எண்களை விட்டுவிடுகிறது. (எண்களையெல்லாம் பதின்மத்திலேயே எழுதுகிறேன்.)

பெரும்பாலான புத்தகங்கள் சரியாக வருகின்றன. ஒரு சிறுவர் கதை மட்டும் திறந்தவுடன் பெட்டி பெட்டியாக நின்றது. எண்களும் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் ஒழுங்காக இருந்தன, தமிழ் மட்டும் முழுக்கப் போய்விட்டது. சிறிதாக்கிய எழுத்துருவை டிடிஎக்ஸ் என்ற கருவியை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். தமிழுக்கான 2944 முதல் 3071 வரையிலான பகுதியில் ஒரே ஒரு எண்தான் இருந்தது: 3020, அதாவது ௌ. அந்தக் கதையில் கௌ, மௌ என்று வருகிற சொல் ஒன்றுகூட இல்லை. இருந்த எழுத்து எல்லாம் போய், இல்லாத எழுத்து ஒன்று எப்படி வந்தது என்பதுதான் புரியவில்லை.

பார்த்த வரைக்கும் சொல்கிறேன். அதே எழுத்துருவையும் அதே உரையையும் இதே வேலையைச் செய்யும் ஃபாண்ட்டூல்ஸின் பைஎஃப்டிசப்செட்டில் கொடுத்தால் சரியாக வருகிறது. நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் போட்டு ஓட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை. வால்கிரைண்டும் அப்படியே. லைப்ரரியோடு வந்த சோதனைகள் எல்லாம் தேறுகின்றன. இன்னொன்று, கூட வேலை பார்ப்பவர் கதைக்கு முன்னால் ஒரு சமர்ப்பண வரியைத் தமிழில் சேர்த்தார். உடனே எல்லாம் சரியாகிவிட்டது! அந்த வரியை எடுத்தால் மறுபடியும் பெட்டி.

இதோடு சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை, பழைய புகார் ஒன்றும் கிடக்கிறது. ஒரு சிறுகதைத் தொகுப்பில் தமிழ் முழுதும் நன்றாக இருக்கிறது, ஆனால் சொற்களுக்கு நடுவில் இடைவெளி இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் பெட்டி. எண்களும் காணோம். இரண்டு புத்தகத்துக்கும் ஒரே எழுத்துரு, பதிப்பகத்தின் பழைய அச்சு எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றியது. தமிழும் அடிப்படை ஆங்கில எழுத்துகளும் தவிர அதில் வேறு எதுவும் கிடையாது.

எங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம்?

இரவுமழை எழுதியது:

ௌ என்றவுடன் எனக்கு முதலில் தோன்றுவது இயல்பாக்கம்தான், அதாவது ஒரே எழுத்தைச் சேர்த்தோ பிரித்தோ எழுதும் வடிவங்களை ஒரே மாதிரி ஆக்குவது. 3020ஐ யூனிகோட் இரண்டாகப் பிரிக்கும்: முன்னால் ெ, பின்னால் ௗ. ொ, ோ இரண்டும் இப்படிப் பிரிபவைதான். உரை பிரிந்த நிலையில் இருந்து, எழுத்துரு சேர்ந்த நிலையை எதிர்பார்த்தால் குழப்பம் வரும். ஆனால் அப்படி இருந்தால் அந்த மூன்று குறிகளில்தான் தகராறு வரவேண்டும், க, ச, த எல்லாம் போகக் காரணம் இல்லை.

அதனால் எழுத்துருவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு படிக்கும் பிறகு செட்டில் என்ன இருக்கிறது என்று அச்சிட்டுப் பாருங்கள். உரையைப் படித்து முடித்ததும் ஒரு முறை, வெட்டியதும் ஒரு முறை, சேர்த்ததும் ஒரு முறை. வடிவங்களைத் தேடும் கட்டத்துக்குப் போவதற்கு முன்பே தப்பு நடந்துவிட்டதா என்று அதில் தெரிந்துவிடும்.

கரிசல்மண் எழுதியது:

நன்றி, அது பெரிய உதவி. படித்து முடித்ததும் செட் சரியாக இருக்கிறது. வெட்டிய பிறகும் சரிதான், மேற்கோள் குறிகள் போய்த் தமிழும் எண்களும் மட்டும் இருக்கின்றன. சேர்த்த பிறகுதான் தமிழ் காணாமல் போய் 3020 வருகிறது.

ஆக, சேர்ப்பில்தான் பிழை என்று அந்தச் செயல்கூற்றை வரி வரியாகப் படித்தேன். எவ்வளவு படித்தும் தப்பு தெரியவில்லை. புதிதாக இரண்டு செட்டை உருவாக்கிச் சேர்த்துப் பார்த்தால் எப்படிக் கொடுத்தாலும் சரியாகவே சேர்க்கிறது.

செட்டின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். 512 பிட்டுக்கு ஒரு பக்கம். எண்ணை 512ஆல் வகுத்தால் வரும் ஈவு பக்க எண், மீதி அந்தப் பக்கத்துக்குள் எந்த பிட் என்பது. பக்கங்கள் வந்த வரிசையிலேயே ஓர் அடுக்கில் கிடக்கும். பக்க எண் வாரியாக வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று தனியாக இருக்கும், அதில் ஒவ்வொரு பக்க எண்ணுக்கும் அது அடுக்கில் எத்தனையாவது இடம் என்று குறித்திருக்கும். சேர்க்கும்போது இரண்டு பட்டியலையும் பின்னாலிருந்து முன்னால் ஒப்பிட்டுக்கொண்டு வருகிறது.

தறிநாடா எழுதியது:

பின்னாலிருந்து வருவது சரிதான். அதே பட்டியலுக்குள்ளேயே விடையையும் எழுதுவதால், முன்னாலிருந்து வந்தால் இன்னும் படிக்காத வரிகளை அழித்துவிடும். உங்கள் சேர்ப்பில் தப்பு இருக்காது என்றே நினைக்கிறேன். அந்த 3020 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்துவிடும்.

புள்ளிவட்டம் 9676. 512ஆல் வகுத்தால் ஈவு 18, மீதி 460. தமிழ் இருப்பது 5ஆம் பக்கத்தில், அது 2560இல் தொடங்கி 3071இல் முடிகிறது. 2560ஓடு 460ஐக் கூட்டினால் 3020. உங்கள் ௌ அதுதான். அது ௌவே இல்லை. புள்ளிவட்டத்தின் பிட், தமிழ்ப் பக்கத்தின் வழியாகப் படிக்கப்படுகிறது. அதாவது பட்டியலில் 5ஆம் பக்கமும் 18ஆம் பக்கமும் அடுக்கின் ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. 18ஐ எழுதியபோது தமிழின் மேலேயே எழுதிவிட்டது.

எப்படி ஒரே இடத்தைக் காட்டும்? இங்கேதான் வெட்டைப் பார்க்கவேண்டும். உங்கள் கதை எப்படித் தொடங்குகிறது என்று ஊகிக்கிறேன்: அத்தியாய எண் 1, அடுத்து உடனே இரட்டை மேற்கோள் குறி, அப்புறம் தமிழ். சரியா? 1 என்பது 0ஆம் பக்கம், அடுக்கில் அதற்கு 0ஆம் இடம் (இடங்களை 0இலிருந்து எண்ணுகிறோம்). மேற்கோள் குறி 8220, அது 16ஆம் பக்கம், அடுக்கில் 1ஆம் இடம். தமிழ் 5ஆம் பக்கம், மூன்றாவதாக வந்ததால் 2ஆம் இடம். எழுத்துருவில் 16ஆம் பக்கத்து எழுத்து எதுவுமே இல்லை என்கிறீர்கள். அதனால் வெட்டும்போது பட்டியலிலிருந்து 16 நீங்கிவிடும். மிஞ்சுவது இரண்டு வரி: 0ஆம் பக்கம் 0ஆம் இடத்தில், 5ஆம் பக்கம் 2ஆம் இடத்தில். நடுவில் 1ஆம் இடம் யாருக்கும் இல்லாமல் காலியாகக் கிடக்கிறது.

இப்போது சேர்ப்பு வருகிறது. புதிய பக்கத்துக்கு எந்த இடத்தைக் கொடுப்பது? பட்டியலில் இரண்டு வரி இருக்கிறது, ஆகவே 0, 1 என்ற இடங்கள் நிரம்பியிருக்கும், அடுத்தது 2 என்று எடுத்துக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் இரண்டு குடும்பம் தங்கியிருக்கிறது என்று கேட்டுவிட்டு, யார் எந்த அறையில் என்று பார்க்காமலே மூன்றாவது அறையின் சாவியை அடுத்தவரிடம் கொடுத்ததுபோல. அந்த அறையில் தமிழ் இருக்கிறது.

சானிடைசர் ஏன் பேசவில்லை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. எழுதிய இடம் அடுக்கின் எல்லைக்குள்ளேதான் இருக்கிறது, விடுவித்த நினைவகமும் இல்லை. நினைவகத்தைப் பொறுத்தவரை அது முழுக்கச் சரியான எழுத்து. தப்பு முழுவதும் பொருளில் இருக்கிறது, அதைச் சானிடைசரால் பார்க்க முடியாது.

சமர்ப்பணம் சேர்த்தால் சரியாவதற்கும் காரணம் இதுதான். அப்போது தமிழ் முதலில் வந்து 0ஆம் இடத்தில் உட்கார்ந்துவிடும், மேற்கோள் குறி கடைசி இடத்துக்குப் போய்விடும். கடைசி இடம் காலியானால் ஒரு தொந்தரவும் இல்லை. பழைய புகாரில் தொகுப்பு அத்தியாய எண் இல்லாமல் நேரே மேற்கோள் குறியில் தொடங்கியிருக்கவேண்டும். அங்கே 16ஆம் பக்கம் 0ஆம் இடம், தமிழ் 1, முதல் இடைவெளி வரும்போது 0ஆம் பக்கம் 2ஆம் இடம். அடி வாங்கியது 0ஆம் பக்கம். அதில் 460ஆம் எண் மட்டும் மிஞ்சியிருக்கும், ǌ என்ற எழுத்து. உங்கள் எழுத்துருவில் அது இல்லாததால் ஒன்றுமே மிஞ்சாமல் போயிருக்கிறது.

சரிபார்க்க மூன்று எண் போதும். 49, 8220, 2965 என்று இதே வரிசையில் போடுங்கள் (2965 என்பது க). 49ஓடும் 2965ஓடும் வெட்டுங்கள். 9676ஐச் சேர்த்துவிட்டு அச்சிடுங்கள். வரவேண்டியது 49, 2965, 9676. உங்களுக்கு 49, 3020, 9676 வரும்.

கரிசல்மண் எழுதியது:

அக்கா, அப்படியே வந்தது. 49, 3020, 9676. கதையின் தொடக்கமும் நீங்கள் சொன்னபடியேதான். தொகுப்பின் முதல் கதை நேரே ஒரு பாட்டியின் பேச்சில், மேற்கோள் குறியோடு தொடங்குகிறது. எச்டிஎம்எல்லில் இருக்கும் தேவையற்ற இடைவெளிகளை எங்கள் கருவி முன்பே நீக்கிவிடுவதால், மேற்கோள் குறிக்கு முன்னால் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் இதில் கவனித்தேன். பிழையான விடையிலும் உறுப்புகள் மூன்றுதான், சரியான விடையிலும் மூன்றுதான். எங்கள் சோதனைகளில் பாதி, உறுப்புகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுகின்றன. வெட்டுக்குத் தனிச் சோதனை இருக்கிறது, சேர்ப்புக்குத் தனிச் சோதனை இருக்கிறது. வெட்டிய செட்டையே எடுத்துச் சேர்க்கும் சோதனை ஒன்றுகூட இல்லை.

திருத்தத்துக்கு ஒரு யோசனை: புதிய இடத்தைப் பட்டியலின் நீளத்திலிருந்து எண்ணாமல், அடுக்கின் நீளத்திலிருந்து எண்ணினால் போதாதா? ஒரே வரி மாற்றம்தான்.

தறிநாடா எழுதியது:

வேண்டாம். உங்கள் சேர்ப்பு, விடையில் எத்தனை பக்கம் வருமோ அந்த அளவுக்குத்தான் அடுக்கை நீட்டும். மேலே சொன்ன மூன்று எண் உதாரணத்தில் விடைக்கு மூன்று பக்கம், அடுக்கும் மூன்று. புதிய பக்கத்தை 3ஆம் இடத்தில் வைக்கப் போனால் அது அடுக்குக்கு வெளியே. இப்போது அமைதியாக நடக்கும் தப்பு அப்போது நினைவக மீறலாக மாறும். அடுக்கையும் கூடுதலாக நீட்டிவிடலாம், ஆனால் வெட்டி வெட்டிச் சேர்க்கும் செட்டில் காலி இடங்கள் பெருகிக்கொண்டே போகும், அவற்றை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

சேர்ப்பு ஒரு நிபந்தனையை நம்பி எழுதப்பட்டிருக்கிறது: அடுக்கில் எத்தனை பக்கமோ பட்டியலில் அத்தனை வரி, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஒரு வரி. அது நியாயமான நிபந்தனை. அதை உடைப்பது வெட்டு. ஆகவே திருத்தவேண்டியதும் வெட்டைத்தான்.

எழுத்துகளைக் கோக்கும் லைப்ரரியான ஹார்ஃப்பஸ்ஸின் செட்டும் இதே அமைப்புதான்: 512 பிட் பக்கம், வரிசையான பட்டியல், வந்த வரிசையில் அடுக்கு. உங்கள் லைப்ரரியை எழுதியவர்கள் அதைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. அங்கே, பட்டியலிலிருந்து வரிகள் நீங்கக்கூடிய செயலில், மிஞ்சிய பக்கங்களை நெருக்கி அடுக்கும் வேலை ஒன்று தனியாக நடக்கும். அடுக்கின் நீளத்துக்கு ஒரு தற்காலிக அணி எடுத்துக்கொள்ளும். பட்டியலில் மிஞ்சிய ஒவ்வொரு வரிக்கும், அது காட்டும் இடத்துக்கு நேராகத் தன் வரி எண்ணை அந்த அணியில் குறிக்கும். அப்புறம் அடுக்கை முன்னாலிருந்து ஒரு முறை நடந்து, குறிப்பு இல்லாத இடத்தைத் தாண்டி, குறிப்பு உள்ள பக்கத்தை முன்னே நகர்த்தி, அதற்குரிய வரியில் புது இடத்தை எழுதிவிடும். ஒரே நடை. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் ஆண்ட்ராய்டும் எழுத்துகளைக் கோக்க நம்பியிருக்கும் குறியீடு அது, திறந்த மூலம். ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து அந்தச் செட் கோப்பைப் படியுங்கள், அழகாக எழுதப்பட்ட கோப்பு.

ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் அப்படியே செய்யுங்கள். தற்காலிக அணிக்கான நினைவகத்தை, பட்டியலில் கை வைப்பதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். பட்டியலைக் குறைத்த பிறகு நினைவகம் கிடைக்காமல் போனால் செட் பாதி மாறிய நிலையில் நின்றுவிடும், அது இப்போதுள்ள பிழையைவிட மோசம்.

இரவுமழை எழுதியது:

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கேள்வி. கழித்தலிலும் இதே கதி வராதா? அதிலும் ஒரு பக்கம் முழுக்கக் காலியாகலாமே.

தறிநாடா எழுதியது:

வராது. கழித்தலில் இடது செட்டின் பக்கம் எதுவும் பட்டியலை விட்டுப் போவதில்லை. பிட் எல்லாம் சுழியமானாலும் பக்கம் அப்படியே இருக்கும். வெட்டில்கூட இரண்டு செட்டிலும் இருக்கும் பக்கம் வெறுமையானாலும் நீங்காது, வலது செட்டில் இல்லாத பக்கம்தான் நீங்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி இணைப்பான்கள் உள்ள எழுத்துருவோடு இந்த மேற்கோள் குறிக் கோளாறு வராததும் அதனால்தான். 8205ம் 8220ம் ஒரே 16ஆம் பக்கம். கரிசல்மண் கவனிக்கவேண்டியது, பட்டியல் குறையும் இடங்கள் வேறு எங்கே இருக்கின்றன என்பதை. ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள்.

சோதனைக்கும் ஒன்று சொல்கிறேன். சீரற்ற எண்களை எடுத்து, வெட்டு, சேர்ப்பு, கழித்தல் என்று கலந்து தொடராகச் செய்துகொண்டே போங்கள். பக்கத்தில் சி++ன் சாதாரண செட் ஒன்றிலும் அதையே செய்து, ஒவ்வொரு அடிக்கும் உறுப்புகளை ஒப்பிடுங்கள். மேலே சொன்ன நிபந்தனையையும் ஒவ்வொரு அடியிலும் சரிபாருங்கள். ஹார்ஃப்பஸ்ஸிலும் செட்டுக்கென்றே, சீரற்ற உள்ளீடு கொடுத்துப் பிழை தேடும் ஃபஸ்ஸர் ஒன்று இருக்கிறது. எண்களை யூனிகோட் முழுவதிலிருந்தும் எடுக்காதீர்கள். 1114112 எண்களுக்கு 2176 பக்கம், இரண்டு செட்டும் ஒரே பக்கத்தைத் தொடுவதே அபூர்வமாகிவிடும். 0, 4, 5, 6, 16, 18, 143 என்று சில பக்கங்களை மட்டும் எடுங்கள். 4இல் தேவநாகரி, 6இல் தெலுங்கு, கன்னடம், மலையாளம், சிங்களம். 143இல் 2019இல் யூனிகோடுக்கு வந்த தமிழ்ப் பின்னக் குறிகள். அந்தத் தொகுதியின் கடைசி எழுத்து 73727, பக்கத்தின் கடைசி பிட்டும் அதுவே. பக்க எல்லையில் ஒன்று தவறினால் அந்த எழுத்து காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் பிட்டையும் கடைசி பிட்டையும் கட்டாயம் சேருங்கள்.

கரிசல்மண் எழுதியது:

நெருக்கி அடுக்குவதை வெட்டுக்குள் எழுதிவிட்டேன், நினைவகத்தை முதலிலேயே வாங்கிக்கொள்கிறது. மூன்று எண் சோதனை தேறியது, கதையும் தொகுப்பும் சரியாக வருகின்றன.

பட்டியல் குறையும் இடங்களைத் தேடியதில் இன்னொன்று அகப்பட்டது. காலிப் பக்கங்களைத் துப்புரவு செய்யும் செயல்கூறு ஒன்று இருக்கிறது, அதுவும் பட்டியலை மட்டும் குறைத்துவிட்டு அடுக்கைத் தொடாமல் விட்டிருந்தது. பெரிய புத்தகங்களில் மட்டும் அது கூப்பிடப்படுகிறது. அதையும் அதே நெருக்கலுக்குள் திருப்பிவிட்டேன். நீங்கள் சொன்ன தொடர் சோதனையைப் பழைய குறியீட்டின் மேல் ஓட்டியபோது வெட்டையும் துப்புரவையும் இரண்டையுமே உடனே பிடித்தது. புதியதில் இதுவரை ஒன்றும் விழவில்லை.

ஏற்கெனவே விற்பனைக்குப் போன ஈபப்புகளை இப்போது ஒரு ஸ்கிரிப்ட் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. எழுத்துருவின் தமிழ்ப் பகுதியில் 3020 மட்டும் தனியாக இருக்கும் புத்தகம், அல்லது தமிழ் இருந்தும் 32ஆம் எண்ணான இடைவெளி இல்லாத புத்தகம் என்று பிரித்து எடுக்கிறது. துப்புரவு வழியாகக் கெட்டவை வேறு மாதிரி இருக்கலாம் என்பதால், மற்றவற்றின் உரையையும் எழுத்துருவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுவிட்டு மறுபடி கட்டச் சொல்லியிருக்கிறேன்.